நேர்ந்துகொண்ட முடி

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பெயர் சடையாண்டி. இதை நானே எழுதினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் சோபியா டீச்சர். முதியோர் வகுப்பில் என் எழுத்துத்தான் பெரிய எழுத்து. ஒரு பக்கத்தில் ஆறு வரிக்குமேல் கொள்வதில்லை.

“ஐயா, பேர்லதான் சடை இருக்கு, தலையில ஒண்ணையும் காணோமே” என்று டீச்சர் சிரித்தார். “மீசை இருக்குல்ல டீச்சர்” என்றேன். வகுப்பே சிரித்தது. என் மீசை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கே தெரிந்த மீசை.

ஆகஸ்ட் 9, சனி

மார்க்கெட்டுக்குப் போய் எல்லா போர்டையும் படித்தேன். வெங்காய மண்டி. தேங்காய் மண்டி. இங்கே துப்பாதீர்கள். நான் மூட்டை தூக்கிய காலம் முழுக்க ஒவ்வொரு மூட்டையிலும் மண்டிக்காரர் பெயர் சாயத்தில் எழுதியிருக்கும். முதுகு வேர்த்து அந்தச் சாயம் என் சட்டையில் ஒட்டும். அத்தனை எழுத்தைச் சுமந்திருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. இன்று நின்று நின்று படித்தேன். சந்தோஷத்தில் டீ குடிக்க மறந்துவிட்டேன்.

நாகஜோதி என் மகள். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். அவள் புருஷனை விட்டு என்னோடு வந்து இருக்கிறாள். அதை எழுதுவதற்கு எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

“அப்பா, தெருவே திரும்பிப் பாக்குது. வாயை மூடிக்கிட்டுப் படிங்களேன்” என்றாள். முயன்றேன். வாயை மூடினால் எழுத்தும் நின்றுவிடுகிறது. சத்தம் வந்தால்தான் எனக்கு எழுத்து வரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். அதே மேடையில் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டாரை அழைத்து வரலாம், சேர்ந்து போட்டோ எடுப்போம் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

நாகஜோதி கடையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். பச்சைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சவுரி வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. ஜன்னல் வெளிச்சம் அவள் உச்சியில் விழுந்தது. நான் பார்த்தேன்.

“வெயில் ரொம்ப இருக்கும்மா. நீ எதுக்கு அலையுற? நான் போயிட்டு சட்டுனு வந்துடுறேன்” என்றேன்.

அவள் பின்னலை முடிக்காமல் என்னைப் பார்த்தாள். “சரிங்கப்பா” என்றாள்.

போட்டோவில் எல்லோர் பக்கத்திலும் ஆள் இருக்கிறது. என் பக்கத்தில் டீச்சர் நின்றார். நல்ல நாள். பத்து மணிக்கே வானம் மூட்டம் போட்டு மழை பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 20, புதன்

நாகஜோதியைச் சேலைப் பிரிவிலிருந்து மாடிக்கு மாற்றிவிட்டார்கள். சேலைப் பிரிவில் சுற்றிலும் கண்ணாடி, மேலே வரிசையாக விளக்கு. சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவதுதான் அவள் வேலை. குனிந்து மடிப்பு எடுக்கும்போது முடி கொட்டிய உச்சி பளபளக்கிறது என்று வந்தவர்கள் யாரோ சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் நேராகச் சொல்லவில்லை. “மாடியில ஆள் பத்தலைம்மா” என்றாராம். இனி பெட்டி பிரித்து விலைச்சீட்டு ஒட்ட வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னாள்: “கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில பாக்குறாங்கப்பா. ஸ்டெம் செல்னு. என் சேமிப்புல பாத்துக்குவேன். கூட ஒரு ஆள் வரணுமாம்.”

“முடி நட்டு வைப்பாங்களா?”

“நடறதில்ல. நம்ம தோல்ல இருந்தே எடுத்து நமக்கே ஊசியாப் போடறது.”

வருகிறேன் என்றேன். எனக்கு வழுக்கை விழுந்தபோது யாரும் என்னை மாடிக்கு மாற்றவில்லை. இதை நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

கோவைக்கு விடிவதற்குள் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரி குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் முழுக்க எழுத்து. படிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். நாகஜோதி என் கையைப் பிடித்து, “இங்க வேணாம்ப்பா” என்றாள். நிறுத்திவிட்டேன்.

டாக்டரம்மா என்னையும் உள்ளே அழைத்துப் பொறுமையாகச் சொன்னார். காதுக்குப் பின்னால் கடுகளவு தோல் எடுப்பார்களாம். அதில் இருக்கிற ஸ்டெம் செல்களை ஒரு மெஷினில் பிரித்து, உச்சியில் ஊசியாகப் போடுவார்களாம்.

“செத்துப்போன வேரை இது எழுப்பாதுங்க. தூங்கிட்டிருக்கிற வேர் இருந்தா எழும்பலாம். உறுதின்னு சொல்ல மாட்டேன். இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சில பேருக்கு வருது, சில பேருக்கு வரலை” என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.

உள்ளே அவள் தலையில் ஊசி போடும்போது நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை. வெளியே வந்ததும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். மருந்தும் ஷாம்புவும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். பையில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நாகஜோதி எழுத்து உள்பக்கம் இருக்கும்படி திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள்.

பொள்ளாச்சி தாண்டியதும் கண் அசந்தாள். பை நழுவி என் பக்கம் திரும்பியது. உடுமலையில் பஸ் நின்றது. கடை போர்டெல்லாம் படித்து முடித்துவிட்டேன். படிக்க மிச்சம் இருந்தது இந்தப் பைதான்.

“மு… டி… உ… திர்… வுக்கு… ந… வீன…”

நாகஜோதி விழித்து என் தொடையில் கிள்ளினாள். ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். வகுப்பில் தப்பாகப் படித்தால் டீச்சர் மேஜையைத் தட்டுவார், நாங்கள் முதலிலிருந்து படிப்போம். அப்படியே செய்தேன். விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி, நன்றாகக் கேட்கும்படி: “முடி உதிர்வுக்கு நவீன ஸ்டெம் செல் சிகிச்சை.” ‘ஸ்டெ’ ரொம்பக் கஷ்டமான எழுத்து. அதையும் சரியாகச் சொன்னேன். பெருமையாக நிமிர்ந்தேன்.

முன் சீட்டில் ஒரு பெண் திரும்பினாள். கலாமணி. நாகஜோதியோடு அதே கடையில் வேலை பார்ப்பவள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டு உடுமலையில் ஏறியிருக்கிறாள்.

“அடடே, ஜோதியக்கா! சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்னு லீவு போட்டீங்க?”

நாகஜோதி பையைத் திருப்பி மடியில் அமுக்கினாள்.

“யாருக்குக்கா முடி உதிருது? உங்களுக்குத்தான் இடுப்பு வரைக்கும் தொங்குதே” என்று கலாமணி சிரித்தாள். “அப்பாவுக்கா?”

எனக்குத்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். என் தலையைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. முந்தானைக்குள்ளிருந்து மருந்து வாடை வந்தது. கலாமணி அதையும் பார்த்தாள்.

பழனி வந்தது. பொழுது சாய்கிற நேரம், ஜன்னலில் மலை தெரிந்தது. நாகஜோதி கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். “முருகா, என் மகளுக்கு முடியைக் கொடுத்துடு. வந்த முடியை உனக்கே முழுசா இறக்கிடுறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எதற்கும் அப்படித்தான் வேண்டுவோம். என் முட்டி வலிக்கு மொட்டை. லாரி கேசுக்கு மொட்டை. இவள் பத்தாவது பாஸ் பண்ணியதற்கு மொட்டை. எல்லாம் நான்தான் அடித்தேன். இப்போது எனக்கு இறக்க முடி இல்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சத்திரப்பட்டி வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

நாகஜோதி சோறு வைத்தாள். பேசவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ அவள் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு சவுரியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அவள் அதை எடுத்து, விலைச்சீட்டு ஒட்டி, விற்கிற அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சொல்லும்போது சிரித்தாள். அதன்பின் பாத்திரம் கழுவ ரொம்ப நேரம் ஆனது.

நான் நான்கு நாளாக வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். சத்தம் வர வழியில்லை. முதல் நாள் இரண்டு எழுத்துக்குள் தண்ணீரை விழுங்கிவிட்டேன். இப்போது ஒரு வரி போகிறது. நெஞ்சுக்குள் யாரோ படிப்பதுபோல் கேட்கிறது. என் குரல்தான், ஆனால் வயசு குறைந்த குரல்.

வகுப்பில் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பல்வலியா என்று கேட்டார். பதில் சொல்லப்போய் புத்தகம் நனைந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

துணிகளைத் துவைத்தேன். பரணில் எலி. நாகஜோதி தனியாகவே கோவை போய் இரண்டாவது ஊசி போட்டு வந்தாள். நான் வரட்டுமா என்று கேட்டேன். “வேணாம்ப்பா. நீங்க வீட்டைப் பாத்துக்குங்க” என்றாள். வெயில் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் வாசலில் நின்று கூப்பிட்டாள். “அப்பா, இங்க வெளிச்சத்துல வாங்க. என் உச்சியைப் பாருங்க. நல்லாப் பாருங்க.”

அவள் குனிந்தாள். அவள் உச்சியை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அவள் குழந்தையாக இருந்தபோது. பூனைக்குட்டி முடிபோல மெல்லிசாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்திருந்தது.

“இருக்காப்பா?”

“இருக்கும்மா.”

“நிசமாவா? எனக்காகச் சொல்லாதீங்க.”

“தொட்டுப் பாத்துட்டேன். இருக்கு.”

என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். முப்பத்துநாலு வயதுப் பெண் வாசலில் குதிப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். பஸ்ஸில் நடந்தபிறகு அவள் என்னைத் தொட்டது இன்றுதான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன். பழனி மலை மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நவம்பர் 23, ஞாயிறு

மார்க்கெட்டில் பூக்கடைக்காரரிடம், யாரோ செய்ததுபோல் கேட்டேன். அவர் பழனிக்கு மாசாமாசம் போகிறவர்.

“பொம்பளைங்களுக்கு என்ன, பூமுடி கொடுத்தாப் போதும். மூணு கத்தரி, முடிஞ்சுபோச்சு” என்றார்.

“முழுசான்னு வேண்டியிருந்தா?”

“எவன் அப்படி வேண்டுவான், பொட்டப்புள்ளை முடியை?”

மீசையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லாமல் மூடி வைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். கீரை சிதறும்படி சிரித்தாள். “முடி வந்தா முடியைக் குடுக்குறதா? முருகனே கேட்டுச் சிரிச்சிருப்பாரு” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அது எம் முடிப்பா. நீங்க யாரு அதை நேர்ந்துக்க?”

“தப்புத்தாம்மா.”

“நான் ஊசி குத்திக்கிட்டது. ஒவ்வொண்ணையும் எண்ணிப் பாக்குறேன் நான்.”

“பூமுடி போதும்னு சொல்றாங்க. நான் என் மீசையை…”

“மீசை!” என்றாள். கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். “அப்பா, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கி பஸ்ல எனக்காகவா வேண்டுனீங்க?”

“உனக்காகத்தான்.”

“ஆகஸ்ட்டு பதினஞ்சுல வெயில்னு சொன்னீங்களே, அதுவும் எனக்காகத்தானா?”

நான் தலை குனிந்தேன். அவள் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

“கலாமணி சிரிச்சா, எனக்கு வலிக்கலைப்பா. அவ யாரோ. இஸ்திரி போட்ட சேலையை மடிச்சு உள்ள வச்சேன் பாருங்க, அன்னைக்கித்தான்…”

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இதை எழுதியபிறகு படித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமலேயே சத்தம் வரவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று என்னையும் கோவைக்கு அழைத்துப்போனாள். ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டரம்மா ஒரு பெரிய கண்ணாடி வைத்து உச்சியைப் பார்த்தார். பழைய போட்டோவையும் புதிய போட்டோவையும் காட்டினார். “வந்திருக்கு. ஆனா இதுக்குமேல எவ்வளவு வரும்னு சொல்ல முடியலை. இவ்வளவோட நின்னாலும் நிக்கலாம். எதிர்பார்ப்பைக் குறைச்சு வச்சுக்குங்க” என்றார்.

நாகஜோதி தலையாட்டினாள். அழவில்லை. பிறகு கேட்டாள்: “டாக்டர், மொட்டை போட்டா இது கெட்டுப்போயிடுமா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“கத்தி மேல இருக்கிறதைத்தான் எடுக்கும். வேர் உள்ள இருக்கு. ஊசி போட்ட இடமெல்லாம் ஆறிடுச்சு, ஒண்ணும் ஆகாது. ஆனா யாரும் வற்புறுத்தறாங்களா?”

“இல்லைங்க டாக்டர். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: “தைப்பூசக் கூட்டத்துக்கு முன்னாடி போயிடுவோம். உங்க வேண்டுதலுக்காக இல்ல. வேண்டுதலை நீங்களே வச்சுக்குங்க.”

“பின்ன எதுக்கும்மா?”

“காலையில எந்திரிச்சதும் சவுரி, கறுப்புப் பவுடரு, ஊக்கு. மழை வந்தாப் பயம், காத்தடிச்சாப் பயம், யாராச்சும் பின்னாடி நின்னாப் பயம். பாதி முடியோட இருந்தா ‘ஏன்’னு கேக்குறாங்க. மொட்டையோட இருந்தா ‘எந்தக் கோயில்’னுதான் கேப்பாங்க. கொஞ்ச நாளைக்கு எனக்கு அந்தக் கேள்வி போதும்.”

பை அவள் மடியில் இருந்தது. எழுத்து வெளிப்பக்கம் இருந்தது. நான் படித்தேன். உதடு அசையவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

பழனி. அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். சவுரி வைக்கவில்லை. வீட்டிலிருந்தே வைக்காமல் வந்தாள். தெருவில் நான் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தேன். அது தெரிந்ததும் நின்று, அவள் வந்தபிறகு சேர்ந்து நடந்தேன்.

முடி இறக்கும் மண்டபத்தில் வரிசை. குழந்தைகள் அழுகின்றன. முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்து அவள் தலையைத் தேய்த்தார்.

“பூமுடியாம்மா?”

“முழுசா எடுங்க.”

“கல்யாணம் காட்சி ஏதும் இல்லியே?”

“எல்லாம் ஆயிருச்சுண்ணே, எடுங்க.”

கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. நான் பார்க்காமல் இருக்க நினைத்தேன். இந்தத் தலையைப் பார்க்காமல் நான் தள்ளி வைத்தது போதும் என்று பார்த்தேன். முழுதும் எடுத்ததும்தான் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பாகப் புள்ளி. உச்சியில் ஒரு கையகலம் வெளிறி இருந்தது. அதற்குள்ளும் ஆங்காங்கே சின்னச் சின்னப் புள்ளிகள், ஊசி போட்ட இடமெல்லாம். இந்த ஒரு கையகலத்துக்காகத்தான் இவள் இத்தனை நாள் பயந்தாள். இந்த ஒரு கையகலத்தைத்தான் நான் வெயில் என்றேன்.

சந்தனத்தைக் குழைத்து நான்தான் பூசினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “ஜில்லுனு இருக்குப்பா” என்றாள்.

பிறகு நான் பலகையில் உட்கார்ந்தேன். முடி இறக்குகிறவர் என் தலையைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தார். “பெரியவரே, இங்க எனக்கு ஒரு வேலையும் இல்லியே.” மீசையைக் காட்டினேன். “யோசிச்சுக்குங்க, கம்பீரமா இருக்கு” என்றார். “அதான் கொடுக்குறேன்” என்றேன். நாகஜோதி தடுக்கவில்லை. எடுத்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வெந்த பனங்கிழங்கு மாதிரி இருக்கீங்க” என்றாள்.

மலையேறிக் கும்பிட்டு இறங்கிப் பஸ் ஏறினோம். பக்கத்தில் ஒரு அம்மாள் நாகஜோதியின் சந்தனத் தலையைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இந்த வயசுல முழு முடியும் கொடுத்திருக்கியே தாயி. என்ன வேண்டுதல்?”

சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

நாகஜோதி சொன்னாள்: “எங்கப்பா எழுதப் படிக்கக் கத்துக்கணும்னு வேண்டியிருந்தேங்கம்மா. கத்துக்கிட்டாரு.”

பஸ்ஸில் நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது உண்மையா, அந்த நிமிடத்தில் தோன்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

“நிசமாவா? இந்த வயசுலயா?” என்றார் அந்த அம்மாள்.

“வேணும்னா பாருங்க.” நாகஜோதி ஜன்னலைக் காட்டினாள். பஸ் நிற்கப்போகிற இடத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை வந்துகொண்டிருந்தது. “அப்பா, அது என்ன ஊருன்னு படிங்க.”

நான் அதை ஏற்கெனவே உள்ளுக்குள் படித்திருந்தேன். வாய் திறக்கவில்லை. தொடையில் அவள் கிள்ளினாள், அன்றைக்குக் கிள்ளிய அதே இடத்தில்.

“சத்தமாப் படிங்கப்பா.”

படித்தேன். “சத்… திரப்… பட்டி.” பாதியில் குரல் உடைந்தது. மீசை இல்லாத உதட்டில் காற்று பட்டது. முதலிலிருந்து மறுபடி படித்தேன்.